அழுக்குப்படாத பாதி

கழுத்தில் பூட்டு தொங்கினால் வாய் திறக்கக் கூடாது. அந்த ஸ்டூடியோவில் எல்லோரும் மதித்த சட்டம் அது ஒன்றுதான். இரும்புப் பூட்டு இல்லை. எப்போதோ படித்துப்போன ஒருவர் கெட்டி அட்டையில் வெட்டி, மஞ்சள் பூசி, நாடா கோத்து விட்டுப்போன உள்ளங்கையகலப் பூட்டு. மாணவர்கள் தாங்கள் வடிவமைத்ததைச் சுவரில் குத்தும் நாளில், யாருடைய வேலை சுவரில் இருக்கிறதோ அவர் அதை மாட்டிக்கொண்டு ஓரமாக நிற்க வேண்டும். மற்றவர்கள் பார்ப்பார்கள், பேசுவார்கள், தலைகீழாகப் புரிந்துகொள்வார்கள். செய்தவர் குறுக்கே புகுந்து விளக்கம் சொல்ல முடியாது. சுவரொட்டி ஒட்டிவிட்டு அதன் பக்கத்திலேயே நின்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் அர்த்தம் சொல்லிக்கொண்டிருப்பீர்களா என்று கேட்பார் பாடம் நடத்தும் மேடம்.

ஸ்டூடியோ ஒரு டயர் கடைக்கு மேல் மாடியில் இருந்தது. கீழே காற்றடிக்கும் இயந்திரம் ஓய்ந்தால்தான் மேலே பேசுவது காதில் விழும். நீள மேசைகள். அவற்றின்மேல் பிளேடு கிழித்துக் கிழித்து நரைத்துப்போன பச்சை ரப்பர் விரிப்புகள். ஜன்னலுக்கு எதிர்ச் சுவர் முழுக்கக் குத்தூசித் துளைகள்; கையால் தடவினால் அம்மைத் தழும்பு போல இருக்கும். மூலையில் ஒரு பிரிண்டர். மழை நாளில் சிவப்பை ஆரஞ்சாகவும் வெயில் நாளில் ஆரஞ்சைச் சிவப்பாகவும் அடித்துத் தரும். அதற்கு மாமியார் என்று பெயர்.

மனிதர்களுக்கும் அங்கே சொந்தப் பெயர் தங்குவதில்லை. அளக்காமல் எதையும் நம்பாத பையன் ரூலர். விரல் நுனியில் காய்ந்த பசையை எந்நேரமும் உரித்துக்கொண்டிருக்கும் பெண் கோந்து. வீட்டிலிருந்து வந்த போனில் 'சின்னவளே' என்று அவள் அம்மா கூப்பிட்டது ஒலிபெருக்கியில் கேட்டுவிட்டதால், இரண்டாம் ஆண்டு படிக்கும் அந்தப் பெண் இங்கேயும் சின்னவள் ஆகிவிட்டாள்.

ஆரம்பத்தில் சின்னவளுக்கு அந்தப் பூட்டைக் கண்டாலே ஆகாது. ரத்த தானத்துக்காக அவள் செய்த சுவரொட்டியில் இருந்த துளியைப் பார்த்து, தக்காளி சாஸ் விளம்பரம் நன்றாக வந்திருக்கிறது என்று கோந்து மனதாரப் பாராட்டினாள். மற்றவர்கள் சாஸ் பாட்டிலின் மூடி எந்த நிறத்தில் இருக்கலாம் என்றுகூட யோசனை சொல்லிவிட்டார்கள். சின்னவள் பூட்டோடு நின்றாள். 'இல்லை' என்று ஒரு சொல் சொல்லப் பூட்டு விடவில்லை. அன்று மாலை வீட்டுக்குப் போய் அப்பாவின் முகத்தைப் பார்த்தபோது, அந்த முகம் எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் தெரிந்தது, மத்தியானம் ஸ்டூடியோ ஜன்னல் கண்ணாடியில் தெரிந்த தன்னுடைய முகம் அது.

அப்பா சலூன் வைத்திருந்தவர். இரண்டு நாற்காலி, சுவர் முழுக்க ஒரே கண்ணாடி. வாடிக்கையாளர்களின் முகத்தை அவர் நேருக்கு நேர் பார்த்ததைவிடக் கண்ணாடியில் பார்த்ததுதான் அதிகம். அவர் பேசியது குறைவு, பேச வைத்தது அதிகம். யார் எதைச் சொன்னாலும் கண்ணாடியைப் பார்த்துத் தலையாட்டுவார். வீடு கட்டுகிறேன் என்றாலும் தலையாட்டுவார், கட்டின வீட்டை விற்கிறேன் என்றாலும் தலையாட்டுவார். சொல்கிறவர் பாதியில் நிறுத்தினால், கத்தரிக்கோலைக் காற்றில் இரண்டு தரம் வெட்டி "அப்புறம்?" என்பார். அந்தச் சத்தத்துக்கும் அந்தக் கேள்விக்கும் மயங்கி, கல்யாணமாகாதவர்கள் காதலையும் ஆனவர்கள் சண்டையையும் அந்த நாற்காலியில் கொட்டிவிட்டுப் போவார்கள். எதையும் அவர் வெளியே சொன்னதில்லை. அவருக்குத் தெரிந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

மழை தொடங்கிய சமயத்தில் ஒரு காலை, பாதி வெட்டிய தலைக்கு மேல் கத்தரிக்கோல் அவர் கையை விட்டு நழுவியது. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியபோது வலது கை துணி மாதிரித் தொங்கியது. வாயில் சொல் இல்லை. சொல்வதெல்லாம் அவருக்குப் புரிகிறது, திருப்பிச் சொல்லத்தான் வரவில்லை, பார்வையிலும் கொஞ்சம் குறை இருக்கலாம், போகப் போகப் பாருங்கள் என்று டாக்டர் சொல்லியனுப்பினார். கை, வாய் என்ற இரண்டு பெரிய கவலைகளுக்கு நடுவே கடைசியில் சொன்னதை எல்லோரும் மறந்துவிட்டார்கள்.

மறக்காமல் இருந்தது அவருடைய தலையாட்டல் மட்டும்தான். ஜன்னலை மூடவா என்றால் ஆட்டுவார். திறக்கவா என்றாலும் ஆட்டுவார். சாப்பாட்டில் பாதியை அப்படியே வைத்துவிடுவார். போதுமா என்று அம்மா கேட்டால் அதற்கும் தலையாட்டல். அவருக்குப் பசியே செத்துப்போச்சு என்று அம்மா மூத்த மகள் பெரியவளிடம் போனில் அழுவாள்.

பெரியவள் அடுத்த தெருவில் இருந்தாள். அவள் கணவர், அதாவது அத்தான், லிப்ட் பழுது பார்ப்பவர். நல்ல மனிதர். மாமனாரைக் குளிப்பாட்டுவது, முகம் மழிப்பது, மாடிப்படியில் தூக்கி இறக்குவது எல்லாம் அவர்தான். ஆனால் எதுவும் நடுவழியில் நின்றுகொண்டிருக்கக் கூடாது என்பது அவர் தொழில் கொடுத்த குணம். பூட்டிக் கிடந்த சலூன் அவருக்கு இரண்டு மாடிகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்ட லிப்ட். கட்டடத்துக்காரர் கடையைத் திறங்கள் இல்லை காலி செய்யுங்கள் என்று நெருக்கவும், அத்தான் ஒரு ஆளைப் பிடித்துவிட்டார். பெரிய வணிக வளாகத்துச் சலூனில் வேலை பார்த்த பையன். கடையை அப்படியே எடுத்துக்கொள்வான். வரும் ஞாயிற்றுக்கிழமை சாவி கொடுத்தால் போதும்.

சாப்பாட்டு மேசையில் அத்தான் இதையெல்லாம் பொறுமையாகச் சொல்லிவிட்டு, "குடுத்துடலாமா மாமா?" என்று கேட்டார்.

அப்பா தலையாட்டினார்.

"பாத்தீங்களா அத்தை, மாமாவே சரின்னுட்டாரு."

"அவரு எதுக்குத்தான் ஆட்டலை?" என்றாள் சின்னவள். "கடையில இருந்த பழக்கம் அத்தான் அது. அவரு கேட்டுக்கிட்டிருக்காருன்னு அர்த்தம். அதைப் போய் சம்மதம்னு எடுத்துக்கிட்டா எப்படி?"

"சின்னவளே, பெரியவங்க பேசறப்ப..." என்று ஆரம்பித்தாள் பெரியவள்.

சின்னவள் அப்பா பக்கம் திரும்பினாள். "அப்பா, அத்தானை நிலாவுக்கு அனுப்பிடலாமா? அங்க லிப்ட் ரிப்பேராம்."

அப்பா அவளையே பார்த்தார். பிறகு தலையாட்டினார்.

அத்தானுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அம்மாதான் சிரிக்கவில்லை. தட்டுகளை அடுக்கிக்கொண்டு போய் அடுக்களையில் குழாயைத் திறந்துவிட்டாள். தண்ணீர் சத்தம் நிற்க வெகுநேரமானது.

சரி, அவர் மனசு உனக்குத்தான் தெரியும் என்றால் கேட்டுச் சொல்லேன் என்று போகும்போது அத்தான் சொல்லிவிட்டுப் போனார். அதில் குத்தலும் இருந்தது, கொஞ்சம் வேண்டுகோளும் இருந்தது.

சின்னவள் ஒரு அட்டை செய்ய உட்கார்ந்தாள். அப்பா விரல் வைத்துச் சொல்லும் பட அட்டை. ஸ்டூடியோவில் கற்றுக்கொண்ட அத்தனையையும் அதில் இறக்கினாள். நடுவே ஒரு மெல்லிய கோடு. இடப்பக்கம் 'சரி', 'வேணும்', 'சூடு', 'வெளியே', 'படுக்கணும்'. வலப்பக்கம் அதற்கு நேர் எதிரே 'இல்லை', 'வேணாம்', 'குளிர்', 'உள்ளே', 'உக்காரணும்'. ஒவ்வொன்றுக்கும் ஒரே தடிமன் கோட்டில் ஒரு படம், கீழே பெரிய எழுத்தில் சொல். தராசுத் தட்டு மாதிரி இரண்டு பக்கமும் சமமாக நின்றது. மாமியார்கூட அன்று நிறத்தைக் கெடுக்காமல் அடித்துக் கொடுத்தது. ரூலர் அளந்து பார்த்துவிட்டு, ஒரு மயிரிழை பிசகில்லை என்று சான்றிதழ் கொடுத்தான்.

அட்டை சாப்பாட்டு மேசையில் அப்பாவின் தட்டுக்கு முன்னால் வந்து உட்கார்ந்தது. முதல் நாளே அவர் விரல் வைத்தார். இடது கையின் ஆள்காட்டி விரல் மெதுவாக ஊர்ந்து 'வேணும்' என்ற கட்டத்தில் போய் நின்றபோது அம்மா ஒரு முழு டம்ளர் டீயைக் கொண்டுவந்து வைத்தாள். அடுத்தும் 'வேணும்'. அதற்கடுத்தும். ஜன்னலை மூடவா என்றால் 'சரி'. திறக்கவா என்றால் 'சரி'. தலை செய்துகொண்டிருந்த வேலையை விரல் எடுத்துக்கொண்டதுபோல இருந்தது.

வியாழக்கிழமை அத்தான் வந்தார். அட்டையைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்து, அழகா இருக்கு என்று உண்மையாகவே சொன்னார். பிறகு அதை மாமனார் முன்னால் நேராக வைத்து, கடை விஷயத்தை மறுபடி சொல்லி, மறுபடி கேட்டார். எல்லோரும் விரலைப் பார்த்தார்கள். விரல் 'சரி'யில் போய் நின்றது.

"இப்ப என்ன சொல்றே?" அத்தான் குரலில் வெற்றி இல்லை, களைப்புதான் இருந்தது. "நான் கேட்டா தப்பு. உன் அட்டையே சொல்லிடுச்சே."

தான் செய்த பொருளே தனக்கு எதிராகச் சாட்சி சொல்லும் என்று சின்னவள் நினைக்கவில்லை. அப்பாவின் இடது கை அட்டையின் ஓரத்தில், படமில்லாத வெற்று இடத்தில், இரண்டு விரல்களைச் சேர்த்தும் பிரித்தும் தட்டிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்த பெரியவள், நரம்பு இழுக்குது போல, அடுத்த தரம் டாக்டரிடம் சொல்லணும் என்றாள்.

மறுநாள் ஸ்டூடியோவில் சுவர் நாள். வழக்கமான சுவர் நாள் இல்லை. நீங்கள் செய்து, வேறு யாராவது உண்மையாகவே பயன்படுத்திய பொருளைத் துடைக்காமல், ஒட்டாமல், அப்படியே கொண்டுவாருங்கள் என்று மேடம் சொல்லியிருந்தார். கோந்து, தன் அண்ணன் கடைக்குச் செய்த விலைப்பலகையைக் கொண்டுவந்தாள். அண்ணன் அவளுடைய எழுத்துகளுக்கு மேல் மார்க்கரால் தன் எழுத்தை எழுதியிருந்தான். ரூலர் ஒரு கதவுப் பலகை செய்திருந்தான்; 'தள்ளவும்' என்ற இடத்தில் எல்லோரும் இழுத்து இழுத்துக் கைப்பிடியைக் கழற்றியிருந்தார்கள். சிரித்து முடித்தபோது சின்னவளின் முறை வந்தது. அவள் அட்டையைக் குத்திவிட்டு, பூட்டை மாட்டிக்கொண்டு ஜன்னலோரம் போய் நின்றாள். யாருக்காகச் செய்தது என்று அவள் அங்கே யாரிடமும் சொன்னதில்லை.

முதலில் படங்களைப் பற்றிப் பேசினார்கள். 'குளிர்' படத்தில் இருக்கும் ஆள் டான்ஸ் ஆடுகிற மாதிரி இருக்கிறான் என்றார்கள். பிறகு மேடம், படத்தை விடுங்கள், அழுக்கைப் படியுங்கள் என்றார். ஆறேழு பேர் சுவரோடு மூக்கை ஒட்டிக்கொண்டார்கள். எண்ணெய்ப் பிசுக்கு, சூப் துளி, டீ வளையம், விரல் ரேகை.

"இந்தப் பக்கம் மட்டும்தான் அழுக்கு" என்றாள் கோந்து. "இடப்பக்கம். வலப்பக்கம் இப்பதான் பிரிண்டரை விட்டு வந்த மாதிரி இருக்கு."

"இடதுகைக்காரங்களா இருக்கும்" என்றான் இன்னொருவன்.

ரூலர் ஒப்புக்கொள்ளவில்லை. தன் இடது கையை நீட்டி அட்டைமேல் வைத்து, வலது ஓரம்வரை கொண்டுபோய்க் காட்டினான். "எட்டுதே. முழங்கைகூட நீட்ட வேணாம். கை காரணம்னா நடுவுல இருந்து கொஞ்சம் கொஞ்சமா குறையணும். இங்க பாரு, இந்தக் கோடு வரைக்கும் பிசுக்கு, கோட்டைத் தாண்டி ஒண்ணுமே இல்லை. கத்தியால வெட்டின மாதிரி நிக்குது."

"வேணாம்னு சொல்றதுக்கு ஒரு ஆளுக்கு ஒரு தடவைகூடவா வராது?" கோந்து பசை உரிப்பதை நிறுத்திவிட்டாள். "எனக்கு என்ன தோணுதுன்னா, அந்தப் பக்கம்னு ஒண்ணு இருக்கறதே இவங்களுக்குத் தெரியலை. நடுவுல யாரோ திரை போட்டுட்ட மாதிரி."

கீழே காற்றடிக்கும் சத்தம் நின்றது. சின்னவள் பூட்டைக் கையால் பிடித்துக்கொண்டாள். அவள் கண்ணுக்கு முன்னால் அட்டை இல்லை. வீட்டுச் சாப்பாட்டுத் தட்டு இருந்தது. இடப்பக்கம் வழித்துச் சாப்பிட்டு, வலப்பக்கம் கைபடாமல் கிடக்கும் தட்டு. தட்டின் நடுவிலும் அதே கோடு இருந்தது. அம்மா தினமும் அதைக் கழுவினாள். சின்னவள் தினமும் அதைப் பார்த்தாள்.

"இன்னொண்ணு" என்றான் ரூலர். இப்போது அவன் அட்டையின் இடது ஓரத்து வெற்று விளிம்பில் கண்ணை வைத்திருந்தான். "இங்க கட்டமே இல்லை. ஆனா இங்கதான் அழுக்கு ஜாஸ்தி. ரெண்டு ரெண்டு விரலா பதிஞ்சிருக்கு. இல்லாத ஒரு கட்டத்தை இங்க யாரோ தொட்டுத் தொட்டுத் தேடியிருக்காங்க."

பூட்டைக் கழற்றலாம் என்று மேடம் சொன்னார். சின்னவள் அதைக் கழற்றி மேசையில் வைத்தாள். பையை எடுத்துக்கொண்டு, குத்தூசியோடு அட்டையைப் பிடுங்கிக்கொண்டு படியிறங்கிவிட்டாள். அவளுக்கு வயிறு சரியில்லை போல என்று கோந்து மற்றவர்களிடம் சொன்னாளாம்.

வீட்டில் அப்பா மத்தியானச் சாப்பாட்டில் பாதியை முடித்திருந்தார். வேகவைத்த உருளைக்கிழங்கும் முட்டையும் தட்டின் வலப்பக்கத்தில் அப்படியே இருந்தன. அம்மா தட்டை எடுக்கக் கை நீட்டினாள்.

"இரும்மா, எடுக்காதே."

சின்னவள் தட்டின் விளிம்பில் விரலை வைத்து அதை அப்படியே அரைவட்டம் திருப்பினாள்.

அப்பா தட்டைப் பார்த்தார். புருவம் ஏறியது. எங்கிருந்து வந்தது இது என்பதுபோல மகளை ஒருமுறை, மனைவியை ஒருமுறை பார்த்துவிட்டு, இடது கையால் முட்டையை எடுத்துச் சாப்பிடத் தொடங்கினார். உருளைக்கிழங்கில் ஒரு துண்டு மிச்சம் வைக்கவில்லை.

அம்மா பக்கத்து நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தாள். "இத்தனை நாளா மனுஷன் அரை வயித்தோடவா இருந்திருக்காரு" என்றாள். யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. பிறகு அவளுக்கே ஆர்வம் வந்துவிட்டது. டம்ளரை வலப்பக்கம் நகர்த்தினாள், அவர் தேடினார். இடப்பக்கம் நகர்த்தினாள், எடுத்துக்கொண்டார். ரொட்டியை வைத்துப் பார்த்தாள், தன் கையை வைத்துப் பார்த்தாள். கடைசியில் எழுந்து அவருக்கு வலப்பக்கம் போய் நின்று, "ஏங்க, நான் இங்க நிக்கறேன், தெரியுதா?" என்றாள். அவர் சத்தம் வந்த திசை தெரியாமல் இடப்பக்கமே தேடினார். அவள் சுற்றிக்கொண்டு இடப்பக்கம் வந்ததும் அவர் முகம் மலர்ந்தது. நெடுநாள் அவள் எங்கோ போய்விட்டு அப்போதுதான் திரும்பி வந்த மாதிரி அப்படி ஒரு மலர்ச்சி.

சாயங்காலம் போனில் கேட்டபோது டாக்டர், இருக்கும், கண் கெட்டுப்போகவில்லை, வலப்பக்கம் என்று ஒன்று இருப்பதை மூளை கணக்கில் எடுக்காமல் விட்டிருக்கும், திங்கட்கிழமை கூட்டிவாருங்கள் பார்த்துவிடலாம் என்றார். பழகப் பழகத் தலையைத் திருப்பித் தேடக் கற்றுக்கொள்வாராம்.

சனிக்கிழமை ஸ்டூடியோவில் சின்னவள் எல்லாவற்றையும் சொன்னாள். கோந்து கண்ணைத் துடைத்தபோது இமையில் பசை ஒட்டிக்கொண்டது. ரூலர் மட்டும், அப்ப அந்த ஓரத்துல ரெண்டு விரல், அது என்னன்னு தெரிஞ்சுதா என்று கேட்டான். அவனுக்கு அதுதான் முக்கியம். சின்னவளுக்கும் அதுதான் புதிராக இருந்தது. நரம்பு இழுக்கிறது என்று வீட்டில் சொன்னதைச் சொன்னாள். எப்போது இழுக்கிறது என்று ரூலர் கேட்டான். சாப்பிடும்போதா? தூங்கும்போதா? யாராவது பேசும்போதா?

அவள் யோசித்தாள். அத்தான் கடையைப் பற்றிச் சொல்லி நிறுத்தியதும். பெரியவள் பிள்ளைகளின் பள்ளிக்கூடக் கதையை ஆரம்பித்துப் பாதியில் விட்டதும். அம்மா பக்கத்து வீட்டுக்காரி ஊரை விட்டுப் போகிறாள் என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்க எழுந்து போனதும். எப்போதும் ஒரு பேச்சு நின்ற இடத்தில்.

அவளுடைய இடது கை தானாக எழுந்து காற்றில் இரண்டு விரல்களை விரித்து மூடியது. இரண்டு தரம்.

"கத்தரிக்கோல்" என்றாள்.

புதிய அட்டை அட்டை மாதிரியே இல்லை. கை அகலத்தில், நீளமாக, மேலிருந்து கீழே இறங்கும் ஒரே வரிசை. நடுக்கோடு கிடையாது, எதிர்ப்பக்கம் கிடையாது. பழைய அட்டையில் அவள் போட்டிருந்ததெல்லாம் வீட்டார் அவருக்குக் கொடுக்கக்கூடியவை. அவர் கேட்கக்கூடியது ஒன்றுகூட அதில் இல்லை என்பது இப்போது தெரிந்தது. 'சரி'க்கு அடுத்தே 'வேணாம்' வந்தது. பிறகு 'யாரு?', 'ஏன்?', 'இன்னும்'. எல்லாவற்றுக்கும் கீழே, வாய் திறந்த கத்தரிக்கோல் படத்தோடு 'அப்புறம்?'. மூவரும் சேர்ந்து வெட்டினார்கள். கோந்து ஒட்டினாள். ஓரம் கொஞ்சம் கோணலாக வந்ததை ரூலர் கண்டும் காணாமல் விட்டுவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை காலை அத்தான் அந்தப் பையனோடு வந்தார். புது ஆள் ஒல்லியாக, காதோரத்தை இரண்டு படிகளாக வெட்டிக்கொண்டு, ஒரு தோல் பையை மார்போடு அணைத்தபடி நின்றான். வணிக வளாகத்தில் நின்றே வேலை பார்த்த பழக்கத்தால், உட்காருங்கள் என்று இரண்டு தடவை சொன்ன பிறகுதான் உட்கார்ந்தான். அத்தான் கடைச் சாவியை மேசையில் வைத்தார். தட்டு விஷயமெல்லாம் பெரியவள் மூலம் அவருக்குத் தெரிந்திருந்தது. இருந்தும் கைப்பழக்கத்தில் மாமனாருக்கு வலப்பக்கமே வைத்துவிட்டார்.

சின்னவள் புது அட்டையை அப்பாவின் இடப்பக்கம் வைத்துவிட்டு ஒவ்வொரு கட்டத்தையும் ஒருமுறை படித்துக் காட்டினாள். கத்தரிக்கோலுக்கு வந்தபோது அப்பா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு விரலால் அந்தப் படத்தை லேசாகச் சுரண்டிப் பார்த்தார், நிஜமாக அச்சில்தான் இருக்கிறதா என்பதுபோல.

அத்தான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, கடையை எடுத்துக்கொள்ள ஆள் வந்திருக்கிறது, கொடுத்துவிடலாமா என்று கேட்டார்.

அப்பாவின் தலை வழக்கம்போல ஆடியது. ஆனால் விரல் வேறு வேலையில் இருந்தது. அது 'சரி'யைத் தாண்டியது, 'வேணாம்' கட்டத்தைத் தாண்டியது, 'யாரு?' மேல் போய் நின்று தட்டியது.

அதுவரை யாரும் அவரிடம் அதைச் சொல்லவில்லை. ஆள் என்றார்கள், பையன் என்றார்கள்.

புது ஆள்தான் முதலில் எழுந்தான். அவருக்கு இடப்பக்கம் வந்து நின்று, தான் எங்கே வேலை கற்றேன், எங்கே பார்த்தேன், ஏன் அங்கிருந்து வெளியே வந்தேன் என்று சொன்னான். அங்கே மணிக்கு இத்தனை தலை என்று கணக்கு உண்டாம், வாடிக்கையாளர்களிடம் பேசினால் மேலாளருக்குப் பிடிக்காதாம். சொல்லி நிறுத்தினான்.

விரல் கத்தரிக்கோலுக்கு இறங்கியது.

பையன் திகைத்து, இன்னும் கொஞ்சம் சொன்னான். மறுபடி கத்தரிக்கோல். பேசினால் பிடிக்காது என்பதுதான் சொன்ன காரணம், உண்மையில் மேலாளருடைய தலையைக் கொஞ்சம் அதிகமாக வெட்டிவிட்டேன் என்று ஒப்புக்கொண்டான். பெரியவள் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்பாவின் தோள் குலுங்கியது. அவர் சிரித்துப் பார்த்தே வெகுநாள் ஆகியிருந்தது.

பிறகு அவர் இடது கையால் தன் தலையைத் தொட்டுக் காட்டினார். நன்றாக வளர்ந்து காதை மூடியிருந்தது.

பையன் தோல் பையைத் திறந்தான். பெரியவள் போர்வை கொண்டுவந்தாள், அம்மா சுவர்க் கண்ணாடியைக் கழற்றி எதிரே சாய்த்து வைத்தாள். அவன் வெட்ட வெட்ட, அப்பா கண்ணாடியில் அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு நாற்காலியின் இந்தப் பக்கம் புதிது. வெட்டி முடித்து, பின்கழுத்தைக் காட்டக் கைக்கண்ணாடியை வலது தோளுக்குப் பின்னால் பிடித்தான். அது எங்கே என்று அப்பா தலையைத் திருப்பித் தேடி, அவன் மணிக்கட்டைப் பற்றி, கண்ணாடியை மெல்ல இடப்பக்கம் இழுத்தார். அங்கே நிறுத்தி, தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். விரல் அட்டைக்குப் போனது. 'இன்னும்'.

பையன் குனிந்து பார்த்தான். கழுத்துக் கோடு ஒரு பக்கம் ஏறியிருந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டு சரி செய்தான்.

"இப்ப சொல்லுங்க மாமா" என்றார் அத்தான். இந்த முறை அவர் மேசையைச் சுற்றிக்கொண்டு இடப்பக்கம் வந்து, முழங்காலை மடக்கி உட்கார்ந்து கேட்டார். "கடையை இவருக்குக் குடுத்துடலாமா?"

தலை ஆடியது. விரல் 'வேணாம்' மேல் நின்றது. நின்றது மட்டுமில்லை, அழுந்தியது. நகம் வெளுக்கும் அளவுக்கு.

அம்மா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். அந்த ஒரு சொல்லுக்கு அந்த வீடு எத்தனை நாள் காத்திருந்தது என்பது அது வந்த பிறகுதான் தெரிந்தது. புது ஆள் போர்வையை உதறி மடிக்கத் தொடங்கினான். காது மடல் சிவந்திருந்தது. கத்தரிக்கோலைத் துடைத்துப் பைக்குள் வைக்கப் போனான்.

சின்னவள் வலப்பக்கம் கிடந்த சாவியை எடுத்து இடப்பக்கம் வைத்தாள். அப்பா அதைப் பார்த்தார். உள்ளங்கையை அதன்மேல் வைத்து மூடினார். கொஞ்ச நேரம் அப்படியே இருந்துவிட்டு, சாவியை அட்டையின்மேல் தள்ளிக்கொண்டே கீழே போய், கத்தரிக்கோலின் மேல் வைத்துத் தட்டினார். பையனைப் பார்த்தபடி.

"அப்புறமா? அப்புறம்னா என்ன அர்த்தம்?" அத்தான் சின்னவளைப் பார்த்தார். "வேணாம்னுட்டு அப்புறம்னு கேக்கறாரே."

சின்னவளுக்கு என்ன அர்த்தமென்று தெரிந்த மாதிரி இருந்தது. சொல்ல வாய் திறந்தாள். கை தானாகக் கழுத்துக்குப் போனது. அங்கே நாடாவும் இல்லை, பூட்டும் இல்லை. ஆனாலும் பேசாமல் நின்றாள்.

பையன்தான் மெதுவாக, பாதிக் கேள்வியாகச் சொன்னான். "கடையை முழுசா வேணாம்... ஒரு நாற்காலி மட்டும்னா?"

கத்தரிக்கோல்.

"கடை உங்க பேர்லயே இருக்கட்டும். நான் முதல் நாற்காலியில வெட்டறேன். நீங்க ரெண்டாவதுல உக்காந்துக்குங்க, இந்த அட்டையோட."

கத்தரிக்கோல்.

"காலையில நானே வந்து கூட்டிட்டுப் போறேன்."

கத்தரிக்கோல்.

"நாந்தான் தூக்கணும் மாடிப்படியில" என்றார் அத்தான் குறுக்கே. "இந்த ஒல்லிக் கையால முடியாது." சொன்ன பிறகுதான், தானும் பேரத்துக்குள் வந்துவிட்டது அவருக்குத் தெரிந்தது.

அப்பா அவர் பக்கம் திரும்பினார். இடது கை அட்டையை விட்டு எழுந்து, காற்றில் இரண்டு விரல்களை விரித்து மூடியது. அத்தான் பதில் தேடித் தலையைச் சொறிந்துகொண்டே, எதிரே கிடந்த நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.